ஹெர்பர்ட் சுகோப்: இடிபாடுகளுக்கு நடுவே ஓர் ஆய்வு வாழ்க்கை

ஹாவெல்கரை எழுதியது:

இங்கே புலி, யானை, மேற்குத் தொடர்ச்சி மலை என்று காட்டைப் படிப்பவர்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நகரத்தைப் படிப்பவர்களைப் பற்றி ஒரு இழையும் கண்ணில் படவில்லை. நான் வேலை பார்க்கும் பெர்லினில் நகரச் சூழலியல் என்ற அந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் சுகோப். அவரைப் பற்றி எழுதுகிறேன். தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

1930ல் பெர்லினில் பிறந்தவர். அங்கேயே படித்து, அங்கேயே டெக்னிகல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1996ல் ஓய்வு பெற்றார். 1950களின் இறுதியில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு, பெர்லினின் சதுப்புகளில் வளரும் தாவரங்களைப் பற்றியது. அதாவது அவரும் எல்லாத் தாவரவியலாளர்களையும் போல, மனிதர் கை அதிகம் படாத இடங்களைத் தேடித்தான் கிளம்பினார்.

அவரை நகரத்தின் பக்கம் திருப்பியதில் அரசியலுக்குப் பெரிய பங்கு உண்டு. மேற்கு பெர்லின் என்பது கிழக்கு ஜெர்மனிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு தீவு. சுற்றியிருந்த கிராமப்புறத்துக்குள் மேற்கு பெர்லின்காரர்கள் நுழைவதை 1952லேயே தடுத்துவிட்டார்கள். 1961 ஆகஸ்டில் சுவரும் எழுந்தது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வயல்வெளிக்கும் காட்டுக்கும் போவது முடியாமல் போனது. மிச்சமிருந்தது நகரமும் அதன் எல்லைக்குள் இருந்த காடுகளும் ஏரிகளும்தான். நகரமோ போரில் நொறுங்கிக் கிடந்தது.

இடிந்த வீடுகளின் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மலையாகக் குவிந்திருந்தன. டொய்ஃபெல்ஸ்பெர்க் என்று இன்று மக்கள் ஏறிப் பட்டம் விடும், கடல்மட்டத்திலிருந்து 120 மீட்டர் உயரமுள்ள குன்று முழுக்க அந்த இடிபாடுதான். பெர்லினின் இயல்பான மண் மணற்பாங்கானது, அமிலத்தன்மை உள்ளது. சாந்திலிருந்த சுண்ணாம்பு கலந்ததும் அது காரமாக மாறியது. செங்கல் வெயிலில் சீக்கிரம் சூடாகும், தண்ணீரையும் தேக்காது. அந்தச் சூட்டுக்கும் வறட்சிக்கும் பழகிய செடிகள் வந்து இறங்கின. தெற்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை வளரும் கெனோபோடியம் போட்ரிஸ் (நம் சக்கரவர்த்திக் கீரைக்குச் சொந்தக்காரச் செடி) இடிபாட்டு மேடுகளில் மண்டியது. வட அமெரிக்காவின் ரோபினியா மரம் வந்தது. சீனத்து அய்லாந்தஸும் வந்தது. நம்மூரில் தீக்குச்சிக்கு வெட்டும் பீநாறி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது அது.

இவையெல்லாம் களை, நாசமான இடத்தின் அடையாளம் என்று ஒதுக்குவது அன்றைய வழக்கம். சுகோப் ஒதுக்கவில்லை. எந்தச் செடி, எந்த மண்ணில், எந்தச் சூட்டில், எத்தனை ஆண்டு கழித்து வருகிறது என்று பொறுமையாகக் கணக்கெடுத்தார். அந்தக் கெனோபோடியத்தைப் பற்றி மட்டுமே 1971ல் தனிக் கட்டுரை வந்தது. 1973ல் "பெருநகரம்: சூழலியல் ஆய்வின் பொருள்" என்ற அர்த்தத்தில் தலைப்பிட்டு இன்னொரு கட்டுரை எழுதினார். புறநகரில் தொடங்கி நகர மையம் வழியாக மறுபக்கப் புறநகர் வரை நகரத்தைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படம் அதில் இருக்கிறது. காற்றின் வெப்பம், மண், நிலத்தடி நீர், செடிகள், விலங்குகள் எல்லாம் அந்தக் கோட்டில் எப்படி மாறுகின்றன என்று ஒரே பார்வையில் தெரியும். பின்னால் வந்த எத்தனையோ பாடப்புத்தகங்கள் அந்தப் படத்தை எடுத்தாண்டன.

ஆனால் நான் இந்த இழையைத் தொடங்கியது அந்தக் கட்டுரைக்காக அல்ல. அவர் சேர்த்த பட்டியல்கள் நகரத்தின் சட்டமாக மாறின. ஹாவெல் ஆற்றங்கரை நாணல் அழிந்துவருவதை 1960களில் அவர் பதிவு செய்தார். 1969ல் பெர்லின், நாணலைக் காக்கத் தனிச் சட்டமே போட்டது. அழிவின் விளிம்பில் நிற்கும் தாவரங்களுக்கு மேற்கு ஜெர்மனி முழுமைக்குமான முதல் சிவப்புப் பட்டியலை 1974ல் தொகுத்தார். அப்புறம் மேற்கு பெர்லின் முழுவதையும் வாழிடம் வாழிடமாக வரைபடமாக்கினார்கள். ரயில் கரை, கல்லறைத் தோட்டம், குடியிருப்பின் பின்முற்றம் எதுவும் விடுபடவில்லை. 1984ல் உயிரினப் பாதுகாப்புத் திட்டத்துக்கான அடிப்படை ஆவணமாக அது வெளிவந்தது. ஒரே ஊரில் ஒரு வாழ்நாள் முழுக்க வேலை செய்தவரால்தான் இப்படி ஒன்றைக் கொடுக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பூவரசு எழுதியது:

ஹாவெல்கரை அண்ணா, மிக்க நன்றி. நான் திருச்சியில் தாவரவியல் முதுகலை முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஊருக்குள்ளேயே ப்ராஜெக்ட் செய்ய ஆசை. என் வழிகாட்டியிடம் சொன்னதும், "ரோட்டோரச் செடியை எண்ணி என்ன கண்டுபிடிக்கப் போகிறாய்? கொல்லிமலைக்குப் போ, பச்சைமலைக்குப் போ" என்றார். மலை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஊருக்குள் செய்வது ஆராய்ச்சியே இல்லை என்பது போல் அவர் பேசியது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தத் துறையில் கேள்வி என்று எதைச் சொல்கிறார்கள்? வெறும் பட்டியல் போதுமா? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்பதையும் யாராவது நேராகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய வாத்தியார் எழுதியது:

பூவரசு, உன் வழிகாட்டி சொன்னது எங்கள் தலைமுறை முழுக்கச் சொன்னதுதான். நாங்கள் படித்தபோது சூழலியல் என்றால் மனிதன் இல்லாத இடம். மனிதன் வந்துவிட்டால் அது சிதைவு, அதோடு பாடம் முடிந்தது.

சுகோப்புக்கு முன்பே சிலர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்த இடங்களில் முளைத்த செடிகளை, கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எட்வர்டு சாலிஸ்பரி பதிவு செய்தார். ஆனால் லண்டனில் அந்த மனைகளில் மறுபடி கட்டடம் வந்துவிட்டது. பெர்லினில் பல மனைகள் பத்து, இருபது, முப்பது ஆண்டு அப்படியே கிடந்தன. அதனால் ஒரு மனையில் முதலில் என்ன வந்தது, அதைத் தள்ளிவிட்டு அடுத்து என்ன வந்தது, எப்போது மரம் எழுந்தது என்று தொடர்ந்து பார்க்க முடிந்தது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பட்டியல் தொடக்கம் மட்டுமே. ஹெமரோபி என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. ஓர் இடத்தின் மேல் மனிதனின் தலையீடு எவ்வளவு ஆழமாகப் பட்டிருக்கிறது என்பதைப் படிப்படியாகக் குறிப்பது. பின்லாந்துக்காரர் யாலஸ் 1955ல் முன்வைத்தார். சுகோப் அதை விரித்து நகரத்துக்குப் பொருத்தினார். இதற்குப் பிறகு "கெட்டுப்போன இடம்" என்று ஒரே சொல்லில் முடிக்க முடியாது. மிதிபடும் நடைபாதைக்கும், ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும் புல்வெளிக்கும், கைவிட்ட தொழிற்சாலை மனைக்கும் வேறு வேறு இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் எந்த இனம் நிற்கிறது, எது போகிறது, ஏன் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் இந்தத் துறைக்குப் பெரிய பணம் வந்தது 1997ல். பால்டிமோர், ஃபீனிக்ஸ் இரண்டு நகரங்களையும் நீண்டகாலச் சூழலியல் ஆய்வு மையங்களின் வலையில் அரசு சேர்த்தது. அதுவரை அந்த வலையில் காடு, புல்வெளி, துருவப் பகுதி போன்றவைதான். பெர்லின்காரர்கள் கால் நூற்றாண்டு முந்திக்கொண்டார்கள்.

நாணல் எழுதியது:

ஒரு கவலையைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியூர்ச் செடி வந்து மண்டுவதை இப்படிக் கொண்டாடினால் எங்கே போய் முடியும்? நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். சீமைக்கருவேலம் எங்கள் கண்மாய்களை என்ன செய்தது என்று நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தேன். வரத்துக்கால் தெரியாது, மடை தெரியாது, உள்ளே மாடு போக முடியாது. "தானாக வந்தது, அதனால் இயற்கை" என்று யாராவது எங்கள் ஊரில் வந்து சொன்னால் கேட்க முடியாது. பெர்லினில் இடிபாட்டு மேட்டில் வருவதும், உழுது பிழைக்கும் ஊரில் வருவதும் ஒன்றா?

ஹாவெல்கரை எழுதியது:

> பெர்லினில் இடிபாட்டு மேட்டில் வருவதும், உழுது பிழைக்கும் ஊரில் வருவதும் ஒன்றா?

ஒன்றல்ல. சுகோப் குழுவும் ஒன்று என்று சொன்னதில்லை. எந்த இனம், எந்த இடத்தில், என்ன செய்கிறது என்று தனித்தனியாகப் பார் என்பதுதான் அவர்கள் வாதம். ரோபினியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் மரம். நகர நடுவில் கைவிட்ட மனையில் அது முதல் நிழலைத் தருகிறது. அதே மரம் நகர விளிம்பில் இருக்கும் வறண்ட மணற்புல்வெளிக்குள் புகுந்தால், சத்துக் குறைந்த மண்ணில் மட்டும் வாழத் தெரிந்த அரிய செடிகள் போய்விடும். முதல் இடத்தில் விடலாம், இரண்டாம் இடத்தில் வெட்ட வேண்டும். இரண்டு முடிவும் ஒரே ஆய்விலிருந்து வருகிறது.

சுகோப்புக்குப் பின் இந்தப் பணியைத் தொடர்ந்த இங்கோ கோவாரிக், பிராண்டன்பர்க் பகுதிக்குக் கொண்டுவந்த வெளிநாட்டு மரங்களையும் புதர்களையும் பழைய ஆவணங்களில் தேடிப் போனார். முதலில் நட்ட ஆண்டு எது, தானாகப் பரவத் தொடங்கிய ஆண்டு எது என்று பார்த்தார். இடைவெளி சராசரி 147 ஆண்டு. மரங்களை மட்டும் எடுத்தால் 170. ஐந்து ஆண்டு பார்த்துவிட்டு "இந்த மரத்தால் தொந்தரவு இல்லை" என்று சொல்வதில் எவ்வளவு ஆபத்து என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியாது. 1995ல் வந்தது அந்த ஆய்வு. உங்கள் கவலைக்கு இது எதிரானது இல்லை, வலுச் சேர்ப்பது.

ஏரிக்கரை எழுதியது:

பெங்களூரிலிருந்து ஒரு சேர்க்கை. ஆய்வு வாழ்க்கை என்றால் ஹரிணி நாகேந்திராவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிறந்தது சேலத்தில். இந்திய அறிவியல் கழகத்தில் மாதவ் காட்கிலின் குழுவில் முனைவர் பட்டம். தொடக்க ஆய்வுகள் மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்து, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்தவை. அப்புறம் அமெரிக்காவில் எலினார் ஆஸ்ட்ரமுடன் வேலை செய்தார். 2009ல் பொருளாதார நோபல் பெற்ற அதே ஆஸ்ட்ரம்தான். பொதுச் சொத்தை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பது எப்படி என்பது ஆஸ்ட்ரமின் வாழ்நாள் கேள்வி. அந்தக் கேள்வியைக் காட்டிலிருந்து பெங்களூரின் ஏரிகளுக்கும் தெருமரங்களுக்கும் கொண்டுவந்தவர் ஹரிணி. இப்போது அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

2013ல் அவர் குழு வெளியிட்ட ஒரு கட்டுரையை மட்டும் சொல்கிறேன். பெங்களூர்ச் சாலைகளில் மரம் உள்ள பகுதி, இல்லாத பகுதி இரண்டிலும் வெப்பத்தை அளந்தார்கள். பிற்பகலில் மர நிழலில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி செல்சியஸ் வரை குறைவு. சாலைப் பரப்பின் வெப்பம் 27.5 டிகிரி வரை குறைவு. தெருவில் தள்ளுவண்டி நிறுத்தி வியாபாரம் செய்கிறவருக்கு இதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். சாலையை அகலப்படுத்த மரம் வெட்டும்போது யாருடைய நாள் எரிகிறது என்பது அந்த எண்ணில் இருக்கிறது. இந்தக் குழு குடிசைப் பகுதிகளிலும் போய்ச் செடிகளைக் கணக்கெடுத்தது. பெயின்ட் டப்பாவில் வளர்க்கும் துளசியும், வாசலில் நிற்கும் முருங்கையும் அந்த ஆய்வில் உண்டு.

சம்பங்கி ஏரி பற்றிய வேலையும் எனக்கு மிகவும் பிடித்தது. இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கும் இடம் அது. ஏரியில் இப்போது மிஞ்சியிருப்பது கரகத் திருவிழாவுக்கான ஒரு சிறிய குளம். அந்தத் திருவிழாவை நடத்தும் திகளர்கள் ஏரித் தண்ணீரை நம்பிக் காய்கறியும் பூவும் பயிரிட்ட தோட்டக்காரர்கள். பழைய வரைபடம், அரசுக் கடிதம், முதியவர்களின் நினைவு எல்லாவற்றையும் வைத்து ஏரி எப்படி, யாருடைய தேவைக்காகக் காய்ந்தது என்று கட்டிக் காட்டினார்கள். சுகோப் மண்ணையும் செடியையும் கொண்டு செய்ததை இவர்கள் நில உரிமையையும் சேர்த்துக்கொண்டு செய்கிறார்கள். நம் நகரங்களுக்கு இது இல்லாமல் முடியாது.

வெள்ளைநாரை எழுதியது:

அருமையான இழை. ஹாவெல்கரை, பெர்லினில் ரயில் தண்டவாளத்துக்குள் காடு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கும் சுகோப்புக்கும் தொடர்பு உண்டா?

ஹாவெல்கரை எழுதியது:

உண்டு, அதுதான் ஷோனெபெர்கர் சூட்கெலாண்டே. பழைய டெம்பிள்ஹோஃப் சரக்கு ரயில் பிரிப்பு நிலையம். ப்ரீஸ்டர்வேக் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே வாசல்.

பிரிந்த நகரத்தில் மேற்குப் பக்கம் இருந்த ரயில் நிலமும் கிழக்கு ஜெர்மனி ரயில்வேயின் நிர்வாகத்தில் இருந்தது. அதனால் 1952ல் அங்கே வேலை நின்ற பிறகு யாரும் எதையும் கட்டவில்லை. சுமார் 18 ஹெக்டேர் அப்படியே கிடந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே புல் வந்தது, அப்புறம் பிர்ச், ரோபினியா. 1970களின் பின்பகுதியில் அங்கே புதிதாகச் சரக்கு நிலையம் கட்டத் திட்டம் போட்டார்கள். அக்கம்பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்போடு நிற்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று முறையாகக் கணக்கெடுக்க வைத்தார்கள். டெக்னிகல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கைகொடுத்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள், ஏராளமான காட்டுத் தேனீக்கள், சிலந்திகள் என்று பட்டியல் வந்தது. கைவிடப்பட்ட ஒரு ரயில்வே மனையைக் காப்பாற்ற அந்தப் பட்டியல் பலமான ஆயுதமாக இருந்தது. 1999ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, 2000ல் பூங்காவாகத் திறந்தார்கள்.

உள்ளே பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும், எஞ்சினைத் திருப்பும் வட்டமேடையும் அப்படியே நிற்கின்றன. நடைபாதை தண்டவாளத்தின் மேலேயே போகிறது. முக்கியமான பகுதியில் மண்ணை மிதிக்காதபடி இரும்புச் சட்டப் பாதையைத் தரைக்கு மேல் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். காட்டைப் பார்க்கப் போகும் கூட்டமே காட்டை மிதித்து அழித்துவிடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

கோவாரிக் இயற்கையை நான்கு வகையாகப் பிரித்தார். ஆதிக் காடும் சதுப்பும் முதல் வகை. வயலும் மேய்ச்சல் நிலமும் இரண்டாவது. நட்டு வளர்த்த தோட்டமும் பூங்காவும் மூன்றாவது. மனிதன் கைவிட்ட தொழிற்சாலையிலும் ரயில் மனையிலும் தானாக எழுவது நான்காவது. அந்த நான்காவது வகை முதல் வகைக்கு ஈடு என்று அவர் சொல்லவில்லை. நகரவாசியின் வீட்டருகே உண்மையான காட்டுத்தன்மை அதில்தான் கிடைக்கிறது என்று சொன்னார்.

நாணல் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. 147 ஆண்டுக் கணக்கு புதிய செய்தி. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பெர்லினில் அந்த மனைகள் பிழைத்ததற்குக் காரணம் அரசியல் முடக்கம். நிலத்துக்கு விலை இல்லாத காலம். நம் ஊரில் ஒரு சென்ட் இடம் சும்மா கிடந்தால் மறுநாள் வேலி வந்துவிடுகிறது. அதனால் இங்கே ஆய்வாளர் முப்பது ஆண்டு பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பார்த்த மறுநாளே வருவாய்த் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் எழுத வேண்டியிருக்கும்.

நெய்தல்மகள் எழுதியது:

நாணல் சொன்னது சரி, ஆனால் முடியாது என்று ஆகிவிடக் கூடாது. சென்னையில் பள்ளிக்கரணை இருக்கிறதே. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, மறுபக்கம் மென்பொருள் கட்டடங்கள், நடுவே சாலை. 2000ல் தொடங்கிய கேர் எர்த் அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசனும் சக ஆய்வாளர்களும் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்று பதிவு செய்தார்கள். ஒரு பகுதி 2007ல் காப்புக்காடாக ஆனது. 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025ல் ராம்சர் உடன்படிக்கையின் விருது ஜெயஸ்ரீக்குக் கிடைத்தது. கால் நூற்றாண்டு உழைப்பு அது. சதுப்பின் பெரும்பகுதி அதற்கு முன்பே கட்டடமாகிவிட்டது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். இருந்தாலும் கையில் கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் மிச்சமும் போயிருக்கும்.

பூவரசு, வேலை பற்றிக் கேட்டாய். நேராகவே சொல்கிறேன். நகரச் சூழலியலாளர் என்ற பெயரில் நம் மாநகராட்சிகளில் பதவி தேடினால் ஏமாற்றம்தான். ஈரநில மீட்பு செய்யும் அமைப்புகள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள், நகரத் திட்டமிடல் ஆலோசனை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் என்று நான்கு பக்கமும் விண்ணப்பிக்க வேண்டும். செடியை இனம் காணத் தெரிந்து, கூடவே க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைபடம் போடவும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இரண்டும் இருந்தால் உன்னைத் தேடி வருவார்கள்.

பூவரசு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படித்துப் படித்து ஒரு யோசனை வந்திருக்கிறது. உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சிக்கு வெளியே வயல்களில் தொடங்கி, நகரத்துக்குள் புகுந்து, மறுபடி வயலுக்குப் போகிறது. சுகோப்பின் குறுக்குவெட்டுப் படம் மாதிரி இந்த வாய்க்கால் கரையை வைத்துச் செய்தால் என்ன? வாத்தியார் சார், எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு இது பெரிதா? எங்கிருந்து தொடங்கலாம்?

பழைய வாத்தியார் எழுதியது:

நல்ல தேர்வு அம்மா. சோழர் காலத்து வாய்க்கால், இன்றும் பாசனம் நடக்கிறது, அதனால் கிராமமும் நகரமும் ஒரே தண்ணீரில் கோத்திருக்கின்றன. அளவைச் சுருக்கிக்கொண்டால் ஓர் ஆண்டில் முடிக்கலாம். வயல் பகுதி, நகர நடு, மறுபடி வயல் பகுதி என்று மூன்றிலும் சம எண்ணிக்கையில் கட்டங்கள் (செடிகளை எண்ண அளந்து குறிக்கும் சதுரங்கள்) போடு. கரை மண்ணா, கான்கிரீட்டா என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுது. அந்த ஒரு தகவலே பாதி விடையைத் தரும் என்று நினைக்கிறேன். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை போ. வாய்க்காலில் தண்ணீர் விட்ட தேதியையும் அடைத்த தேதியையும் நீர்வளத்துறையில் கேட்டு வாங்கிவிடு.

இன்னொன்று. பெர்லின்காரர்களுக்குப் பெரிய பலம் பழைய பதிவு. வில்டெனோ 1787லேயே பெர்லின் தாவரங்களைத் தொகுத்துவிட்டார், ஆஷர்ஸன் 1864ல் பிராண்டன்பர்க் முழுமைக்கும் முடித்தார். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் எது போனது, எது புதிதாக வந்தது என்று சுகோப்பால் சொல்ல முடிந்தது. உனக்கும் அப்படி ஒன்று ஊரிலேயே இருக்கிறது. செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம், அதாவது உலர்த்தித் தாளில் ஒட்டிய செடிகளின் சேகரிப்பு. தமிழ்நாட்டுச் சமவெளியின், அதிலுள்ள மலைகளின் தாவரங்களை மேத்யூ பாதிரியார் தொகுத்தது அங்கிருந்துதான். முறையாகக் கடிதம் கொடுத்து, திருச்சி நகருக்குள்ளும் வாய்க்கால் கரையிலும் சேகரித்த தாள்களை மட்டும் தனியாகப் பார்க்க அனுமதி கேள். ஒவ்வொரு தாளிலும் இடம், தேதி, வாழிடம் மூன்றையும் குறித்துக்கொள். முதல் கட்டத்தைக் கரையில் போடுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடு. எந்தச் செடியைத் தேடிப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போனால், அது அங்கே இல்லை என்பதையும் பதிவு செய்ய முடியும்.